பிஎச்.டி. கைடுடன் வேலை செய்வது எப்படி: சேரும் முன்பிருந்து வைவா வரை முழுமையான வழிகாட்டி

பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். தலைப்பு கடினமாக இருந்தது என்று சொல்பவர்கள் குறைவு. "சாரைப் பார்க்கவே முடியல", "சாப்டர் ஒரு வருஷமா மேடம் டேபிள்லயே கிடக்குது", "என்னதான் எதிர்பார்க்கிறாங்கன்னு கடைசி வரைக்கும் புரியல" என்றுதான் சொல்வார்கள். படிப்பில் கெட்டிக்காரர்கள் இப்படி வெளியேறுவதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. இதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

நம் ஊர்ப் பழக்கம் என்னவென்றால், கைடு (ஆய்வு நெறியாளர்) கூப்பிடுவார் என்று ஸ்காலர் (ஆய்வு மாணவர்) காத்திருப்பார். ஏதாவது வேலை இருந்தால் அவரே வருவார் என்று கைடு நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தும் ஒரு வருடம் ஓடிவிடும். ஆய்வை நடத்த வேண்டியவர் நீங்கள். நேரம் கேட்பது, பேச வேண்டியதை எழுதிக்கொண்டு போவது, பேசி முடித்ததை எழுதி அனுப்புவது ஆகிய மூன்றையும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டால், சுமாரான கைடிடமும் நல்ல ஆய்வேடு எழுதி முடிக்கலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: சேரும் முன் விசாரியுங்கள்

கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பார்க்கும்போது எவ்வளவு விசாரிக்கிறோமோ, அதில் பாதியாவது இங்கே விசாரிக்க வேண்டும். "தெரிந்த சார், இடம் இருக்கிறது, சேர்ந்துவிட்டேன்" என்பதுதான் பல பேரின் கதை.

முதலில் சோத்கங்கா இணையதளத்துக்குப் போங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது. நீங்கள் நினைக்கும் பேராசிரியரின் பெயரை நெறியாளர் என்ற இடத்தில் போட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பல பதிவுகளில் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். நாலைந்து ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். எத்தனை வருடத்தில் முடித்திருக்கிறார்கள், தலைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவையா, துணைநூற்பட்டியல் புதியதா அல்லது இருபது வருடத்துக்கு முந்தைய புத்தகங்களோடு நின்றுவிட்டதா என்று கவனியுங்கள். நன்றியுரையையும் படியுங்கள். கைடு என்ன உதவி செய்தார் என்று குறிப்பாக எழுதியிருக்கிறார்களா, வெறும் வணக்கத்தோடு முடித்துவிட்டார்களா என்பதில் நிறைய தெரியும்.

அடுத்து எண்ணிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. விதிகளின்படி, ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் முடிக்கும் நிலையில் இருப்பவர் யார் என்று கேளுங்கள்.

ஓய்வு பெறும் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பணி ஓய்வுக்கு 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஸ்காலரை எடுக்கக் கூடாது என்பது அதே விதி. 4 வருடம் இருப்பவர் எடுக்கலாம். ஆனால் உங்கள் வேலை 5 வருடம் இழுத்தால், கடைசிக் கட்டத்தில் நெறியாளர் மாற வேண்டியிருக்கும். ஓய்வுக்குப் பிறகு அவர் 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடர முடியும். இதெல்லாம் சேரும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

கடைசியாக, அவரிடம் இப்போது இருக்கும் ஸ்காலர்கள் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக எப்போது சாப்டர் கொடுத்தீங்க? எத்தனை நாளில் திரும்ப வந்துச்சு? என்ன எழுதியிருந்தாங்க?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் வரும் பதில்தான் உங்கள் அடுத்த ஐந்து வருடம்.

படி 2: முதல் மாதத்திலேயே பேசிக்கொள்ள வேண்டியவை

சேர்ந்த கையோடு ஒரு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஆய்வைப் பற்றி அல்ல, வேலை செய்யும் முறையைப் பற்றிப் பேச. "சார், உங்க முறை எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா அதுக்கேத்த மாதிரி நான் திட்டம் போட்டுக்குவேன்" என்று ஆரம்பித்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாதம் எத்தனை முறை சந்திப்பது, அவசரத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பலாமா, டிராஃப்டைப் பிரிண்ட் எடுத்துத் தரணுமா கோப்பாக அனுப்பலாமா, அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பாரா, பேப்பரில் பெயர் வரிசை எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அன்றே கேட்டுவிடுங்கள். பகுதிநேர ஸ்காலர் என்றால், உங்கள் கல்லூரியில் வகுப்பு இல்லாத நாள் எது, எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அதே வாரத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. விதிமுறைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். கைடுக்கு எல்லா விதியும் நினைவிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. யுஜிசி விதிப்படி குறைந்தபட்சக் காலம் 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் மேலும் 2 வருடம், ஆக 8. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் 2 வருடச் சலுகை உண்டு. மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. பெண் ஸ்காலர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை கிடைக்கும். இது கைடு இரக்கப்பட்டுத் தருவது இல்லை, விதியில் உள்ள உரிமை. தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

படி 3: தலைப்பைக் குறுக்குங்கள்

முதல் வருடத்தில் கைடு அதிகம் சொல்லும் வாக்கியம் "ரொம்பப் பெரிசா இருக்கு, குறுக்குங்க" என்பதுதான். எப்படிக் குறுக்குவது என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார். நீங்களே மூன்று நான்கு வடிவங்களை எழுதிக்கொண்டு போவதுதான் வழி.

வரலாற்றுத் துறை ஸ்காலர் ஒருவர் "தாமிரபரணிப் பாசனம்" என்று எழுதிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாபநாசத்திலிருந்து கடல் வரை ஆறு, வழியெல்லாம் அணைக்கட்டுகள், கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று வரிசையாகக் கால்வாய்கள், பாண்டியர் காலக் கல்வெட்டு முதல் இன்றைய நீர்வளத் துறை வரை. ஒரு ஆயுளுக்கான வேலை அது. இதையே "ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் பாசனத்தில் நீர்ப் பங்கீட்டுத் தகராறுகள், 1880 முதல் 1940 வரை" என்று மாற்றினால் இடம் தெரிகிறது, காலம் தெரிகிறது, கேள்வி தெரிகிறது. எந்த ஆவணத்தைத் தேடி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது வடிவமாக அதே இடத்தில் கேள்வியை மாற்றலாம்: தகராறுகளுக்குப் பதில் நிலவரி. மூன்றாவதாக இடத்தை மாற்றலாம்: கன்னடியன் கால்வாய். மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே "ஆதாரம் எங்கே கிடைக்கும்" என்று இரண்டு வரி போட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். "எது நல்லா இருக்கும் சார்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்த மூணுல முதலாவதுக்குத்தான் கோப்பு அதிகம் இருக்கு, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் கைடுக்கும் பதில் சொல்ல வசதி.

அறிவியல் துறைகளில் தலைப்பு பெரும்பாலும் கைடின் புராஜெக்டிலிருந்தே வரும். அங்கே கேட்க வேண்டியது வேறு: இந்தப் புராஜெக்டில் என் ஆய்வேட்டுக்கு உரியது எந்தப் பகுதி, பக்கத்து மேசை ஸ்காலருக்கு உரியது எது? இந்தக் கோட்டை முதல் வருடமே போட்டுவிடுங்கள்.

படி 4: சந்திப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

சந்திப்புக்கு முந்தின நாள் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். நாலே தலைப்பு போதும்: போன முறை முடிவானது, இதுவரை செய்தது, எங்கே சிக்கியிருக்கிறேன், இன்று என்ன முடிவு வேண்டும். கடைசித் தலைப்பில் இரண்டு கேள்விக்கு மேல் வைக்காதீர்கள். ஆம், இல்லை என்றோ இது, அது என்றோ பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். நம் கைடுகளில் பலர் தேர்வுப் பணி, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, துறைத் தலைவர் பொறுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். இருபது நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் இரண்டு பேர் கையெழுத்துக்கு வருவார்கள், ஒரு போன் வரும். கையில் தாள் இருந்தால் விட்ட இடத்திலிருந்து பேச்சைப் பிடிக்கலாம்.

பேசும்போது எழுதிக்கொள்ளுங்கள். புரியாததை அங்கேயே கேளுங்கள். "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்து ஸ்காலரிடம் "ஐயா என்ன சொன்னார்னு உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்பவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். கைடின் கருத்தோடு உடன்பாடு இல்லை என்றாலும் அங்கேயே சொல்லுங்கள். "நீங்க சொல்றது புரியுதுங்க ஐயா. ஆனா இந்தக் கோப்புல வேற மாதிரி இருக்கு, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று ஆதாரத்தை மேசைமேல் வைத்துப் பேசுங்கள். ஆதாரத்தோடு வரும் மறுப்பை நல்ல ஆசிரியர் யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை.

வெளியே வந்த அன்று மாலைக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். இன்று பேசியவற்றைக் குறித்துக்கொண்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் அணைக்கட்டுக்கு முந்தைய வரலாற்றை நான்கு பக்கத்துக்குள் சுருக்க வேண்டும். ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியக் கோப்புகளையும் பார்க்க வேண்டும். திருத்திய அத்தியாயத்தை அக்டோபர் 20-ஆம் தேதி தருகிறேன். 15 நாளில் உங்கள் கருத்தைச் சொல்வதாகச் சொன்னீர்கள். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பதில் வராமல் போகலாம், பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து "நான் இதை எப்போ சொன்னேன்?" என்ற பேச்சு வந்தால், கோபமில்லாமல் இந்த மின்னஞ்சலை எடுத்துக் காட்டலாம். அதைவிட முக்கியம், எழுதும்போதே உங்களுக்கு எது புரியவில்லை என்பது தெரிந்துவிடும். வாட்ஸ்அப் நேரம் கேட்பதற்கு மட்டும் இருக்கட்டும். முடிவுகள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

படி 5: குழு முன் நிற்பது

ஆய்வு ஆலோசனைக் குழு என்று யுஜிசி சொல்வதைச் சில பல்கலைக்கழகங்களில் டாக்டோரல் கமிட்டி, சுருக்கமாக டிசி என்பார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. பல இடங்களில் இது கையெழுத்துச் சடங்காகிவிட்டது. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். கைடைத் தவிர உங்கள் வேலையைப் படிக்கக் கடமைப்பட்ட ஆட்கள் அந்த அறையில்தான் இருக்கிறார்கள்.

ஒரு வாரம் முன்பே அறிக்கையைக் கொடுங்கள். ஸ்லைடுகளை முதலில் கைடிடம் காட்டுங்கள்; குழுவின் முன் அவர் முதல்முறையாக உங்கள் முடிவைப் பார்க்கும் நிலை வரவே கூடாது. குழு உறுப்பினர் சொன்னதும் கைடு சொன்னதும் முரண்பட்டால், கூட்டம் முடிந்ததும் கைடிடம் போய் எதைப் பின்பற்றுவது என்று கேட்டு, வழக்கம்போல எழுதி அனுப்பிவிடுங்கள். மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

படி 6: டிராஃப்ட் கொடுப்பதும் திருத்தம் வாங்குவதும்

முழு ஆய்வேட்டையும் எழுதி முடித்து 250 பக்கமாகக் கொண்டு போய் வைக்காதீர்கள். அதைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. 15 பக்கம் கொடுத்தால் படிப்பார். கொடுக்கும்போது முதல் தாளில், "இதில் வாதம் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், எழுத்துப்பிழையை நான் பிறகு திருத்திக்கொள்கிறேன்" என்று எழுதி வையுங்கள். அது இல்லையென்றால் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தருவார். வாதம் அப்படியே இருக்கும்.

திரும்பி வரும் தாளில் "விரிவாக்குக", "தெளிவில்லை", "ஆதாரம்?" என்று ஒற்றைச் சொற்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு அட்டவணையில் எழுதி, எதிரே என்ன மாற்றினேன், எந்தப் பக்கம் என்று குறித்து, அடுத்த டிராஃப்டோடு சேர்த்துக் கொடுங்கள். ஏற்காத திருத்தம் இருந்தால் காரணத்தை எழுதுங்கள். சொன்னதைச் செய்கிறார் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த அத்தியாயம் வேகமாகத் திரும்பி வரும். சொன்ன தேதியில் வரவில்லை என்றால் நாலு நாள் விட்டு நேரில் போய் நினைவுபடுத்துங்கள். அது தொந்தரவு செய்வது ஆகாது.

படி 7: பேப்பரும் பெயரும்

யுஜிசி 2022 விதிகள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளில் கேட்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று முதல் வருடமே பாருங்கள். ஜர்னல் தேர்வில் கவனம் வேண்டும்: யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான யுஜிசி கேர் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டுவிட்டது. இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள். எந்த ஜர்னல் என்பதைக் கைடுடன் பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஜர்னலின் பழைய இதழ்கள் இரண்டையாவது இருவரும் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

பெயர் வரிசையை எழுத ஆரம்பிக்கும் முன்பே பேசுங்கள். எழுதியது நீங்கள், சிந்தனையை வழிநடத்தியது கைடு என்றால், முதல் பெயர் உங்களுடையது. சம்பந்தமே இல்லாத மூன்றாவது பெயரைச் சேர்க்கச் சொன்னால், "அவரோட பங்களிப்புன்னு என்ன எழுதலாம் சார்?" என்று பணிவாகக் கேளுங்கள்.

கருத்துத் திருட்டு விஷயத்தில் சமரசமே கூடாது. 2018 யுஜிசி விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 40 முதல் 60 என்றால் திருத்தித் தரவே ஒரு வருடம் தடை; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருள் அறிக்கையை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எடுத்துக் கைடிடம் காட்டிவிடுங்கள். காசுக்கு எழுதித் தரும் கடைகளின் பக்கமே போகாதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

படி 8: உறவு கெட்டுப்போனால்

கைடு படிக்கவே இல்லை என்பது ஒரு பிரச்சினை. வீட்டு வேலை, பேங்க் வேலை, பிள்ளையின் புராஜெக்ட் என்று உங்களைப் பயன்படுத்துவது இன்னொரு பிரச்சினை. கையெழுத்துக்குப் பணமோ பரிசோ கேட்பது முறைகேடு. பாலியல் ரீதியான தொல்லை குற்றம். எல்லாவற்றையும் "பொறுத்துப் போ, டிகிரி வாங்கிட்டு வந்துடு" என்று ஒரே மாதிரி சமாளிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. அந்த அறிவுரையால்தான் அடுத்து வரும் ஸ்காலரும் அதையே அனுபவிக்கிறார்.

படிக்காத கைடிடம் முதலில் நேரடியாகப் பேசுங்கள், தேதியோடு. பலிக்கவில்லை என்றால் குழு உறுப்பினர் ஒருவரிடமும், பிறகு துறைத் தலைவரிடமும் பேசுங்கள். இணை நெறியாளர் ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று கேட்பது பல நேரம் யாருக்கும் மனக்கசப்பு இல்லாத தீர்வு. சொந்த வேலை சொன்னால், முதல் தடவையே "இன்னைக்கு ஆவணக் காப்பகத்துக்குப் போறேன் மேடம்" என்று உங்கள் வேலையைக் காரணமாகச் சொல்லி விலகுங்கள். ஒரு வருடம் செய்துவிட்டு நிறுத்துவது கடினம்.

கைடை மாற்றுவது முடியாத காரியம் இல்லை. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று விண்ணப்ப முறை இருக்கிறது. புதிய நெறியாளரின் சம்மதமும் அவரிடம் காலியிடமும் வேண்டும். பழையவரின் ஒப்புதல் கடிதமும் வழக்கமாகக் கேட்பார்கள். முதலில் புதியவரிடம் ரகசியமாகப் பேசி உறுதி செய்துகொண்டு, பிறகு பழையவரிடம் குறை சொல்லாமல், "தலைப்பு இந்தப் பக்கம் திரும்பிடுச்சு" என்று கேளுங்கள். திருமணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண் ஸ்காலர்கள், ஆய்வுத் தரவை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள யுஜிசி விதி அனுமதிக்கிறது. நிதி வாங்கி நடக்கும் புராஜெக்டின் பகுதியாக இருந்தால் மட்டும் அது பொருந்தாது.

பணம், பழிவாங்கல், சாதி பார்த்து நடத்துவது போன்றவற்றுக்கு, 2023 யுஜிசி விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல்முறையீடாகக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழுவிடம் நேராகப் போங்கள். துறைத் தலைவர் வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் தருவது முக்கியம். இங்கே நீங்கள் சேர்த்து வைத்த மின்னஞ்சல்களும் செய்திகளும்தான் பேசும். அவற்றின் நகலைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு வெளியேயும் வைத்திருங்கள்.

படி 9: சினாப்சிஸ் முதல் வைவா வரை

சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுப்பதற்கு 6 மாதம் முன்பே கைடுடன் உட்கார்ந்து பின்னோக்கித் தேதி போடுங்கள். சமர்ப்பிக்கும் முன் குழுவின் முன்னால் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கும்படி ஒரு உரை தர வேண்டும். அதில் வரும் கருத்துகளைச் சேர்க்க ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். கட்டண ரசீது, கோர்ஸ் ஒர்க் சான்றிதழ், குழு மினிட்ஸ், கருத்துத் திருட்டு அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கடைசி வாரத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கைடின் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய நிலை இதனால் தவிரும்.

ஆய்வேட்டை உங்கள் நெறியாளரும், நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு தேர்வாளர்களும் மதிப்பிடுவார்கள். சமர்ப்பித்ததிலிருந்து வைவா முடிவு வரை எல்லாம் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. தாமதமானால் மாதம் ஒருமுறை கைடிடமும் தேர்வுப் பிரிவிலும் விசாரியுங்கள். தேர்வாளர் அறிக்கை வந்ததும், கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தயாரித்துக் கைடிடம் காட்டுங்கள். வைவாவுக்கு ஒரு வாரம் முன் துறையிலேயே ஒத்திகை வையுங்கள். ஜூனியர்கள் கேள்வி கேட்கட்டும், கைடு பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

வைவா முடிந்ததும் திருத்தங்களை முடித்து, சோத்கங்காவுக்குப் போகும் இறுதிக் கோப்பில் பெயர், தலைப்பு, பதிவுத் தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆய்வேட்டிலிருந்து எந்த அத்தியாயம் கட்டுரையாகப் போகும், எது யார் பெயரில் என்று கைடுடன் கடைசியாக ஒரு சந்திப்பு வைத்துப் பேசி, அன்று மாலை அதையும் எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆவணக் குறிப்புகளின் பட்டியலை அதே கைடிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்காலரிடம் கொடுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நீங்கள் செலவழித்த மாதங்கள் அவருக்கு மிச்சமாகும்.